பழைய கஞ்சர், ஜம்பியா: வயதையும் அசலையும் கணிக்க ஒரு வழிகாட்டி

ஓமான் தலைநகர் மஸ்கட்டின் மத்ரா சூக்கில், அதாவது பழைய சந்தையில், சந்துக்குச் சந்து வெள்ளி உறை போட்ட வளைகத்திகள் தொங்குகின்றன. அங்கே அதன் பெயர் கஞ்சர். அந்நாட்டுக் கொடியிலும் அரசு முத்திரையிலும் இருப்பது இதுதான். இதைச் செய்யும் கலையையும் அணியும் வழக்கத்தையும் யுனெஸ்கோ 2022-இல் மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பக்கத்து யேமனில் இதன் உறவுக்காரக் கத்திக்கு ஜம்பியா என்று பெயர். வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஊருக்குத் திரும்பும்போது ஒன்றை வாங்கி வருவது உண்டு. ஹைதராபாத்தின் பழம்பொருள் கடைகளிலும் இவை கண்ணில் படும். எங்கே வாங்கினாலும் கத்தியோடு ஒரு வாக்கியமும் சேர்ந்தே வரும்: "இது இருநூறு வருடப் பழசு."

அந்த வாக்கியத்தை எப்படிச் சோதிப்பது என்பதைப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு இந்தக் கத்திகள் மீது ஆழ்ந்த பற்று உண்டு. நல்ல கஞ்சர் ஒன்றில் கொல்லர், பொற்கொல்லர், தோல் வேலைக்காரர், ஜரிகை தைப்பவர் என நான்கு கைகளின் திறமை சேர்ந்திருக்கிறது. போலியை அசல் என்று நம்பி வாங்கும்போது பணத்தோடு சேர்த்து அந்தத் திறமையை அறியும் வாய்ப்பையும் இழக்கிறோம்.

முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு வளைகத்திக்கு ஒரே வயது கிடையாது. பிடிக்கு ஒரு வயது, அலகுக்கு ஒரு வயது, உறையின் மரத்துக்கும் தோலுக்கும் ஒன்று, அதன் மேலுள்ள வெள்ளிக்கு ஒன்று, இடைக்கச்சைக்கு ஒன்று. தாத்தாவின் பிடியில் பேரன் புது அலகு போட்டுக்கொள்வதும், கிழிந்த உறையை மாற்றுவதும் அரபு நாடுகளில் என்றும் இருந்த பழக்கம். கத்தி அணிந்து வாழ்ந்தவர்களுக்கு அது இயல்பான பராமரிப்பு. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஐந்து பகுதிகளில் மூத்தது எதுவோ அதன் வயதை முழுக் கத்திக்கும் விற்பனையாளர் சூட்டும்போதுதான் ஏமாற்று தொடங்குகிறது. அதனால் "இது எவ்வளவு பழையது?" என்று கேட்காதீர்கள். "இதில் எந்தப் பகுதி எப்போது வந்தது?" என்று கேளுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடும் வழிகள்தான்.

படி 1: எந்த ஊர்க் கத்தி என்று கண்டுகொள்ளுங்கள்

வயதுக்கு முன்னால் வகை. ஓமான் கஞ்சரின் உறை கிட்டத்தட்டச் செங்கோணமாகத் திரும்பும். உறையின் மேற்பகுதியில் வெள்ளி வளையங்கள் வரிசையாக நிற்கும். கச்சையைக் கோக்கவும் வெள்ளிக்கம்பிச் சரடுகளைப் பிணைக்கவும் அவை பயன்படுகின்றன. சயீதி எனப்படும் வகையில் ஏழு வளையங்கள். பிடி முழுவதும் வெள்ளி வேலை. ஆளும் அல் புசைதி குடும்பத்தின் பெயரோடு சேர்ந்தது இந்த வகை. 1806 முதல் 1856 வரை ஆண்ட சயீத் பின் சுல்தானின் பாரசீக மனைவி ஒருவர் இந்தப் பிடியை வடிவமைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதை ஏற்றுக்கொண்டால், சயீதி பிடி கொண்ட கத்தியை "1700-இன் கத்தி" என்று ஒருவர் விற்கும்போது அவர் பேச்சு அங்கேயே அறுந்துவிடுகிறது.

யேமனில் இரண்டு முக்கிய வகைகள். பழங்குடி ஆண்கள் வயிற்றின் நடுவில் நிமிர்த்தி அணிவது அசிப். அதன் உறை கொக்கியாக மேல்நோக்கி வளையும். தோல் சுற்றியதாக இருக்கும். அகலமான ஜரிகைக் கச்சையில் செருகியிருக்கும். நபியின் வழிவந்தவர்களான சையதுகளும் நீதிபதிகளான காதிகளும் வலப்பக்கம் சாய்த்து அணிவது தூமா. அதன் வளைவு மென்மையானது, உறையில் வெள்ளி அதிகம்.

ஹைதராபாத்தில் கிடைப்பது தனிக்கதை. நிஜாமின் படையில் சேவை செய்ய யேமனின் ஹத்ரமௌத் பகுதியிலிருந்து வந்த அரபிகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே பார்கஸ் பகுதியில் வாழ்கிறார்கள். அவர்களோடு ஜம்பியாவும் தக்காணத்துக்கு வந்தது. இங்கேயே செய்யப்பட்டவையும் உண்டு. அப்படிப்பட்ட கத்தி உண்மையிலேயே பழையதாக இருக்கலாம். ஆனால் "யேமன் தலைநகர் சனாவிலிருந்து வந்தது" என்ற பேச்சைத் தனியே சோதிக்க வேண்டும். தக்காணத்துக் கைவேலையைத் தாழ்வாக எண்ணி யேமன் என்று மாற்றிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். என் பார்வையில் தக்காணத்து ஜம்பியா தன்னளவிலேயே அருமையான பொருள்.

வகையைப் பழக, உறுதியான வரலாறு உள்ள கத்திகளைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். மஸ்கட்டில் ஓமான் தேசிய அருங்காட்சியகமும் பைத் அல் சுபைர் அருங்காட்சியகமும் இதற்கு நல்ல பள்ளிகள். ஹைதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஆயுதங்களுக்கென்றே கூடம் இருக்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் தன் சேகரிப்பின் படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. காலம் தெரிந்த துண்டுகளே அளவுகோல். உதாரணமாக, முதல் உலகப் போரில் அரபுக் கிளர்ச்சியில் பங்கேற்ற ஆங்கிலேய அதிகாரி டி. இ. லாரன்ஸ் 1917-இல் மக்காவில் செய்வித்துக்கொண்ட தங்க வளைகத்தி ஆக்ஸ்போர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரியில் இருக்கிறது. இப்படி ஆண்டும் ஊரும் தெரிந்த ஒவ்வொரு கத்தியும், தெரியாத பல கத்திகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவும்.

படி 2: எடுத்துச் செல்ல வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சிறிய டார்ச், புற ஊதா ஒளி டார்ச், காந்தம், அளவுநாடா, மெல்லிய பருத்திக் கையுறை. இவை போதும். அமிலப் புட்டி வேண்டாம். சூடான ஊசியும் வேண்டாம். ஊசி ஏன் வேண்டாம் என்று பின்னால் சொல்கிறேன். கடையின் மஞ்சள் விளக்கில் முடிவெடுக்காதீர்கள். பகல் வெளிச்சத்துக்கு எடுத்துச் சென்று பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி தராத கடையில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

படி 3: உருவிப் பாருங்கள், திரும்பச் செருகிப் பாருங்கள்

அலகை மெதுவாக உருவுங்கள். புதியவர்கள் இங்கே ஒன்றைக் கண்டு திகைப்பார்கள்: உறை அவ்வளவு வளைந்திருக்க, அலகு அந்த அளவு வளைந்திருக்காது, நீளமும் குறைவாக இருக்கும். உறைக்குள் அலகு வளைவு வரைதான் போகும், அதற்குக் கீழே உள்ளது அலங்காரம். ஆகவே இது குறை ஆகாது.

பார்க்க வேண்டியது உறையின் வாயும் பிடியின் அடியும் சந்திக்கும் இடம். ஒன்றாகவே பிறந்த பிடியும் உறையும் அங்கே சீராகப் பொருந்தும்; இரண்டின் அகலமும் ஒத்திருக்கும். பிடி உறை வாயைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தாலோ, அலகு உள்ளே தளர்ந்து ஆடினாலோ, முழுவதும் இறங்காமல் நின்றாலோ, வேறு வேறு கத்திகளின் பகுதிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்று எண்ண இடமுண்டு. உறையின் வாயோரத்தை லென்ஸில் பாருங்கள். பல்லாண்டுகள் உருவிச் செருகிய கத்தியில் அந்த ஓரத்து மரமும் தோலும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். அலகின் இரு முகங்களிலும் அதே திசையில் நீள் கீறல்கள் இருக்கும். செய்து வைத்த பழமையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் குழம்பிக் கிடக்கும்.

படி 4: பிடி

இங்கே நிதானமாக இருங்கள். யேமனில் ஒரு ஜம்பியாவின் மதிப்பில் பெரும்பகுதி பிடியைச் சார்ந்தது. காண்டாமிருகக் கொம்பில் செய்து, தலைமுறைகள் கைபட்டு, ஒளியைத் தடுக்காமல் தேன் நிறமாக மாறிய பழைய பிடிக்கு சைஃபானி என்று பெயர். குடும்பத்தின் கௌரவமே அதில் இருப்பதாகக் கருதுவார்கள். அதற்கு அடுத்து எருமைக்கொம்பு, மரம்; இப்போது பெருமளவில் பிளாஸ்டிக்கும் பிசின் வார்ப்பும். ஓமானில் காண்டாமிருகக் கொம்போடு தந்தமும் சந்தன மரமும் பயன்பட்டன.

எப்படிப் பிரித்தறிவது? காண்டாமிருகக் கொம்பில் எலும்பு மையம் கிடையாது. நம் நகமும் முடியும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே கெரட்டின் இழைகள் இறுகி உருவானது. இறுகக் கட்டிய முடிக்கற்றையைக் குறுக்கே அறுத்தது போல, வெட்டு முகத்தில் நெருக்கமான புள்ளிகளும், நீள்வாக்கில் இணையான கோடுகளும் தெரியும். எருமைக்கொம்பு அப்படி இல்லை. ஏடு ஏடாக அடுக்கி வளர்ந்தது. வயதாகும்போது ஓரங்களில் ஏடுகள் பிரியும். தந்தத்தின் குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள் வலைபோலத் தெரியும். எலும்பில் அந்த வலை இராது, நுண்ணிய கருந்துளைகளும் கோடுகளும் இருக்கும். பிளாஸ்டிக்கில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் காற்றுக் குமிழிகளோ, அச்சின் இரு பாதிகள் சேர்ந்த மெல்லிய கோடோ அகப்படலாம். கொம்பைப் போலக் காட்டக் கலந்த வண்ணச் சாயல்கள் மேகம் மேகமாக ஓடும், இழைகளாக ஓடாது.

பொருள் எது என்று தெரிந்த பின் வயது. கொம்பும் தந்தமும் மரமும் காலப்போக்கில் சுருங்கும், உலோகம் சுருங்காது. அதனால் பழைய பிடியில் வெள்ளி ஆணிகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் கிளம்பியிருக்கும். அடியில் உள்ள வெள்ளிப் பட்டை சற்றுத் தளர்ந்திருக்கும். கொம்பை அரிக்கும் பூச்சிகள் உண்டு. அவை தின்ற சிறு பள்ளங்கள் சில பழைய பிடிகளில் காணப்படும். பார்க்க அழகில்லை என்றாலும் எனக்கு அவை மகிழ்ச்சி தரும் அடையாளங்கள், ஏனென்றால் அந்தப் பூச்சி பிளாஸ்டிக்கைத் தின்பதில்லை.

தேய்மானம் கை படும் இடத்தில் இருக்கிறதா? கத்தியை அணிந்தவர் பேசும்போது கையைப் பிடியின் தலையில் வைப்பார். அந்தத் தோள்பகுதி வழவழப்பாகத் தேய்ந்து, உள்வளைவில் நுண்வேலை கூர்மையாகவே எஞ்சியிருக்க வேண்டும். மேடு பள்ளம் எல்லாம் ஒரே அளவு மழுங்கியிருந்தால், உருளை இயந்திரத்தில் போட்டு மெருகேற்றியிருக்கிறார்கள் அல்லது பழைய பிடியிலிருந்து அச்சு எடுத்து வார்த்திருக்கிறார்கள்.

சூடான ஊசி குத்திப் பார்க்கச் சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு. வேண்டாம். அசலானால் நிரந்தரத் தழும்பு விழும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தந்தத்துக்குப் பதிலாகப் புழங்கிய செல்லுலாய்டாக இருந்தால் பற்றிக்கொள்ளும். லென்ஸ் சொல்லாத எதையும் ஊசி சொல்லப்போவதில்லை.

படி 5: அலகு

பெரும்பாலான கஞ்சர், ஜம்பியா அலகுகள் இருபுறமும் கூருள்ளவை; நடுவில் ஒரு வரம்பு மேடாக ஓடும். கையால் அடித்து அரத்தால் இழைத்த அலகில் அந்த வரம்பு முழு நேர்த்தியாக இராது: ஓரிடத்தில் சற்று விலகும், ஓரிடத்தில் அகலும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பிடித்தால் சம்மட்டியின் மெல்லிய அலைகள் புலப்படும். மின்சாணையில் தேய்த்த அலகில் ஒரே சீரான, ஒரே இடைவெளியுள்ள கீறல்கள் குறுக்காக ஓடும்.

பலமுறை தீட்டப்பட்ட கத்தியில் கூர் நடுப்பகுதியில் உள்வாங்கியிருக்கும். பிடிக்கு அருகே தீட்டுக்கல் எட்டாத சிறு தோள் பழைய அகலத்திலேயே நிற்கும். பழங்குடிக் கத்தியில் இது நல்ல சான்று. விழாக்களில் மட்டும் அணிந்த செல்வர்களின் கத்தியில் இதை எதிர்பார்க்கக் கூடாது. அவற்றின் அலகு தீட்டப்படாமலே இருந்திருக்கலாம்.

துருவைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். காலத்தால் வந்த துரு கரும்பழுப்பாக இரும்போடு இறுகிப் பிடித்திருக்கும். ஈரம் தங்கிய இடங்களில் ஆழமாகவும் மற்ற இடங்களில் லேசாகவும் ஒழுங்கற்றுப் பரவியிருக்கும். அமிலத்தில் ஊற வைத்து வரவழைத்த துரு செம்மஞ்சள் பொடியாக விரலில் ஒட்டும். அதன் அடியிலுள்ள குழிகள் ஒரே ஆழத்தில், அலகு முழுவதும் சமமாக இருக்கும். பிடியின் அடியில் அலகு நுழையும் இடத்தை டார்ச்சால் பாருங்கள். பழைய கத்திகளில் அலகை அரக்கு அல்லது பிசின் கலவையால் பிடிக்குள் நிறுத்துவார்கள். அது கறுத்து, உலர்ந்து, நொறுங்கும் நிலையில் இருக்கும். அங்கே பளபளப்பான எபாக்சி பசை இருந்தால் அலகு நம் காலத்தில் ஒருமுறையாவது கழற்றப்பட்டிருக்கிறது. அதனால் மட்டும் கத்தி போலி ஆகிவிடாது. அலகும் பிடியும் ஒரே காலத்தவை என்ற பேச்சை மட்டும் அது முறிக்கிறது.

துருப்பிடிக்காத எஃகு அலகானால் 20-ஆம் நூற்றாண்டுக்கு முன் செல்ல வழியில்லை. அந்த உலோகமே 1910-களில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. குரோமியம் பூசிய பளபளப்பு இன்னும் பிந்தியது.

நீரலை போன்ற கோலம் ஓடும் அலகுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகப் பணம் ஏமாறும் இடம் அதுதான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண் மூசை எனும் சிறு உருக்குக் கலங்களில் உருக்கிய உயர்கரி எஃகு நூற்றாண்டுகளாகக் கடல் கடந்து மேற்காசியாவுக்குப் போனது. நம் கொல்லர்களின் அந்த உருக்கிலிருந்து பாரசீக, அரபுக் கொல்லர்கள் அடித்த அலகுகளில் இயல்பாகவே நுண்ணிய வலைக்கோலம் தோன்றும். இந்தத் தொழில் 19-ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் ஏறக்குறைய அற்றுப்போனது. அதனால் அசல் கோல அலகு கிடைத்தால் அதன் வயதும் பெருமையும் மிகுதி. போலிகள் இரண்டு விதம். ஒன்று, சாதாரண இரும்பின் மேல் அமிலத்தால் கோலம் பொறிப்பது. அது மேல்தோலில் மட்டும் இருக்கும். ஆழமான துருக்குழியின் உள்சுவரிலும் கூரின் விளிம்பிலும் கோலம் தொடராது. மற்றது, இரு வகை எஃகுத் தகடுகளை அடுக்கி அடித்து இன்று இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பெருமளவில் செய்யப்படும் அலகு. அதில் கறுப்பு வெள்ளை வரிகள் தடிமனாக, எடுப்பாக, சீராக இருக்கும். நல்ல சமையற்கத்திக்கு அது அழகு. பழைய கஞ்சருக்குள் அது இருந்தால் புதிதாகச் செருகியது. அசல் கோலம் அடக்கமானது. லென்ஸுக்குள்தான் அது முழுதாக விரியும்.

படி 6: வெள்ளி

முதலில் வெள்ளிதானா என்று பாருங்கள். ஜெர்மன் சில்வரில் வெள்ளியே இல்லை. செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். தேய்ந்த மேடுகளில் மஞ்சளோ சிவப்போ எட்டிப் பார்த்தால் பித்தளை அல்லது செம்பின் மேல் முலாம். காந்தம் இங்கே இரும்பைத்தான் கண்டுபிடிக்கும். காந்தத்தில் ஒட்டவில்லை என்பதற்காக அது வெள்ளி ஆகிவிடாது, பித்தளையும் ஒட்டாது. ஐயம் தீராவிட்டால் நகைக்கடைகளில் உள்ள எக்ஸ்ரே கருவியில் காட்டுங்கள். பொருளுக்குச் சேதம் இல்லாமல் உலோகக் கலவை தெரிந்துவிடும்.

பிறகு வேலைப்பாடு. கஞ்சரின் உறையில் வரும் கம்பி வேலை, மெல்லிய வெள்ளிக் கம்பியை இழுத்து, முறுக்கி, வளைத்து, பற்றவைத்துச் செய்வது. குருணை வேலையில் ஒவ்வொரு மணியும் தனியே உருட்டி ஒட்டியது. லென்ஸில் பார்க்கும்போது கம்பிக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே நிழல் விழ வேண்டும். மணிகள் ஒன்றுக்கொன்று சிறிது மாறுபட வேண்டும். வார்ப்பில் இந்த இடைவெளிகள் நிரம்பி, விளிம்புகள் மழுங்கி, பள்ளங்களில் மணல்போலச் சொரசொரப்பு இருக்கும். ஒரே பூ ஐந்து இடத்தில் வந்தால் ஐந்தையும் ஒப்பிடுங்கள். ஐந்திலும் ஒரே இடத்தில் ஒரே சிறு பிசகு இருந்தால் அது அச்சின் பிசகு.

வெள்ளியின் கறுப்பைப் பற்றி. பள்ளத்தில் கறுத்தும் மேட்டில் வெளுத்தும் இருப்பது உடையிலும் கையிலும் உரசி வாழ்ந்த வெள்ளி. எங்கும் ஒரே மைக்கறுப்பு என்றால் கந்தகக் கரைசலில் தோய்த்திருக்கக்கூடும். வளையங்களின் உட்புறத்தைக் கட்டாயம் பாருங்கள். கச்சை இழுக்கும் வளையம் ஒரு பக்கமாக மெலிந்திருக்க வேண்டும். இழுவிசை படாத நடுவளையங்கள் அவ்வளவு மெலியக் கூடாது. எல்லா வளையமும் ஒரே தடிமன், ஆனால் உறை மட்டும் "தேய்ந்து" இருக்கிறது என்றால் யாரோ அரத்தால் தேய்த்திருக்கிறார்கள்.

யேமன் வெள்ளி வேலையின் பெருமை நீண்டகாலம் அங்கிருந்த யூதப் பொற்கொல்லர்களின் கையில் இருந்தது. 1949-50-இல் ஏறத்தாழ 49,000 யூதர்கள் யேமனிலிருந்து இஸ்ரேலுக்கு விமானங்களில் குடிபெயர்ந்தார்கள். அதோடு அந்த நுண்வேலையின் பெரும்பகுதியும் நாட்டை விட்டுப் போயிற்று. ஆகவே மிக நுட்பமான வேலையுள்ள தூமா உறையைக் கண்டால் அந்த ஆண்டுகளுக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். பொற்கொல்லரின் முத்திரை இருந்தால் அதன் ஓரங்களும் சுற்றியுள்ள வெள்ளியைப் போலவே தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். '925' என்ற எண் முத்திரை இருந்தால் அண்மைக்கால வேலை என்றே தொடங்குங்கள்.

குறுக்கு வெட்டுத் தலையுள்ள ஸ்குரூ 1930-களுக்குப் பிந்தியது. ஒரு ஸ்குரூ பழுதுபார்த்ததாக இருக்கலாம். எல்லாமே அப்படி என்றால் தயாரிப்பே அப்படி.

படி 7: காசும் ஆண்டும்

ஜம்பியாவின் பிடியிலோ கச்சையிலோ ஒரு பெரிய வெள்ளிக் காசு பதித்திருக்கலாம். அதில் தடித்த பெண் ஒருவரின் முகமும் 1780 என்ற ஆண்டும் இருக்கும். "பாருங்கள், ஆண்டே போட்டிருக்கிறது" என்பார் கடைக்காரர். அது ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் தாலர். அவர் இறந்தது 1780-இல். அதன் பிறகு அடித்த எல்லாக் காசுகளிலும் அதே ஆண்டையே போட்டார்கள், ஏனென்றால் செங்கடல், அரபுக்கடல் வணிகர்கள் அந்த உருவத்தைத்தான் நம்பினார்கள். வியன்னாவில் இன்றும் அச்சாகிறது. நம் பம்பாய் நாணயச் சாலையிலேகூட 1940-41-இல் அச்சாகியிருக்கிறது. ஆகவே காசின் ஆண்டு கத்தியின் வயதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கஞ்சர்களுக்கான வெள்ளி பெரும்பாலும் இந்தத் தாலர்களை உருக்கியே கிடைத்தது. அதன் தரம் ஆயிரத்துக்கு 833 பங்கு வெள்ளி. பரிசோதனையில் ஏறத்தாழ அந்த அளவு வந்தால் பழைய வழக்கத்தோடு பொருந்துகிறது என்று குறித்துக்கொள்ளலாம்.

பொறித்த ஆண்டு பெரும்பாலும் ஹிஜ்ரி, அதாவது இஸ்லாமிய ஆண்டு, அரபு எண்களில் இருக்கும். எண்கள் இடமிருந்து வலமாகவே வாசிக்கப்படும். புள்ளி பூஜ்யம், வட்டம் ஐந்து. நம் 7 போலத் தெரிவது உண்மையில் 6. ஆங்கில 'வி' வடிவம் 7, அதைக் கவிழ்த்தால் 8. ஹிஜ்ரி ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டினால் கிறிஸ்து ஆண்டு ஏறத்தாழக் கிடைக்கும்: 1300 என்றால் 1882-83; 1345 என்றால் 1926-27. ஆண்டு பிற்பாடு வெட்டப்பட்டதா என்பதைக் கீறல்கள் காட்டிக்கொடுக்கும். பழைய கீறல் ஒன்று எழுத்தின் மேல் ஏறிச் சென்றால் எழுத்து முந்தியது. எழுத்து கீறலை அறுத்துச் சென்றால் எழுத்து பிந்தியது. எழுத்துப் போலத் தோன்றி எதுவுமே வாசிக்க முடியாத வளைகோடுகள் சுற்றுலாப் பொருளின் அடையாளம். அரபு படிக்கத் தெரிந்த நண்பரிடம் படம் அனுப்பினால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும்.

படி 8: பின்பக்கமும் நூலும்

விற்பவர் முன்பக்கத்தைக் காட்டுவார். நீங்கள் பின்பக்கத்தைத் திருப்புங்கள். உடலை ஒட்டிக் கிடந்த தோல் வியர்வையில் கறுத்து மெழுகுபோல ஆகியிருக்கும். புற ஊதா ஒளியில் தையல் நூல் பளீரென்று நீல வெண்மையாக ஒளிர்ந்தால் அது 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்திய நூல். கச்சை விரைவில் நைந்துபோகும் பொருள் என்பதால் அது புதிதாக இருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம்.

படி 9: சட்டம்

காண்டாமிருகக் கொம்பு என்று உறுதியாகத் தெரிந்தாலோ, விற்பவரே அப்படிச் சொன்னாலோ, வாங்காதீர்கள். இந்தப் பிடிகளுக்காக ஆப்பிரிக்காவில் காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. 1970-களில் யேமனுக்குப் போன கொம்பு அந்த விலங்கின் அழிவில் பெரும்பங்கு வகித்தது. 1977 முதல் பன்னாட்டு வணிகம் தடையில் இருக்கிறது. யேமன் 1982-இல் இறக்குமதியைத் தடைசெய்தது. இந்தியாவில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கொம்பு வணிகத்தையும் தந்த வணிகத்தையும் குற்றமாக்குகிறது. பழையது என்ற வாதம் விமான நிலையத்தில் உங்களைக் காப்பாற்றாது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்க்கும் இன்பம் போதும்.

இந்தியாவில் நூறு ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். தனிநபர் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. ஓமானிலும் யேமனிலும் பழம்பொருளை வெளியே எடுத்துச் செல்லத் தடைகள் உண்டு. வாங்கும் முன் விசாரியுங்கள். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத விதிகள் தனியே வகைப்படுத்துகின்றன. அளந்து பார்த்து, உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விமானத்தில் கைப்பையில் எடுத்துச் செல்ல முடியாது.

படி 10: எழுதி வையுங்கள்

வாங்கியதும் துடைத்துப் பளபளப்பாக்கும் ஆசை வரும். பொறுங்கள். மேலே சொன்ன சான்றுகள் எல்லாம் அந்தக் கறையிலும் தூசியிலும்தான் இருக்கின்றன. ஒரு மாலைநேர மெருகு அவற்றை அழித்துவிடும். முதலில் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். பிறகு பகுதி பகுதியாகக் குறிப்பு எழுதுங்கள். இந்த அமைப்பு வசதியாக இருக்கும்:

"வகை: சயீதி கஞ்சர். பிடி: மரத்தின் மேல் வெள்ளி, கம்பி வேலை, மேடுகளில் இயல்பான தேய்வு, 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதி ஆகலாம். அலகு: மின்சாணைக் கீறல்கள், எபாக்சி பசை, பிற்காலத்தில் மாற்றியது. உறை: பிடியோடு பொருந்துகிறது, பின்தோல் பழையது, கீழ்முனை வெள்ளி பழுதுபார்த்தது. கச்சை: புதியது. வாங்கிய இடம், நாள், விலை. விற்றவர் சொன்னது: 'தாத்தாவின் கத்தி', சான்று எதுவும் தரவில்லை."

"ஆகலாம்" என்ற சொல்லை எழுதத் தயங்காதீர்கள். நூற்றாண்டின் கால்பகுதிக்குள் காலத்தைச் சுருக்க முடிந்தாலே நல்ல கணிப்பு. விற்றவரின் பேச்சையும் உங்கள் கண்டறிதலையும் தனித்தனியே வையுங்கள். இந்தக் குறிப்பைக் கத்தியோடு ஒரே பெட்டியில், அமிலமற்ற தாளில் வைக்க வேண்டும். கத்தியின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டாதீர்கள். அதன் பசை தோலைக் கெடுக்கும். ரப்பர் பேண்டும் போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம் சில மாதங்களிலேயே வெள்ளியில் கறுப்புக் கோடு போட்டுவிடும்.